கொம்பிலிருந்து கொட்டுகிற பழங்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பெங்களூரில் பழைய மரச்சாமான் கடையில், சட்டம் போட்ட பெரிய அச்சுப்படம் ஒன்று மலிவாகக் கிடைத்ததாம். நடுவில் மரத்தடியில் ஒரு பெண். வலது கையில் வளைந்த கொம்பு. அதன் வாயிலிருந்து திராட்சை, மாதுளை, பூசணி என்று கொட்டுகிறது. இடது கையில் கதிர்க்கட்டு. அவளைச் சுற்றி நான்கு பேர்: ஒருவர் பக்கத்தில் மீனும் சங்கும், ஒருவர் கையில் பறவை, ஒருவர் கையில் தீப்பந்தம், ஒருவர் மடியில் காய்கனி. துணியில்லாத குழந்தைகள் ஏழெட்டுப் பேர். அடியில் ஆங்கிலத்தில் 'வளத்தின் உருவகம்' என்று பொருள்படும் ஒரு வரி; ஓவியர் பெயர் இல்லை. "இது மேல்நாட்டு லட்சுமியா? ஒவ்வொரு பொருளுக்கும் என்ன அர்த்தம்? வீட்டில் மாட்டலாமா?" என்பது கேள்வி. கூடவே ஒரு செய்தி. தக்காளி விவசாயியான அவருடைய அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "வெல வுழுந்துட்டது போல. கொண்டாந்து கொட்டிட்டு ஒக்காந்துட்டு இருக்குது பாரு" என்றாராம்.

சிரித்தேன். ஆனால் அப்பா பார்த்த விதம் சரி. பெரும்பாலானவர்கள் இந்த மாதிரிப் படத்தைப் பார்த்ததும் "இது யாரு?" என்று கேட்பார்கள். அவர் "இங்கே என்ன நடக்குது?" என்று பார்த்திருக்கிறார். பழம் கொட்டுகிறது, தரையில் கிடக்கிறது, யாரும் விற்கவில்லை. படத்தின் சூட்சுமமே அந்தக் கொட்டுவதில்தான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெண். அவள் லட்சுமி இல்லை. உண்மையில் அவள் யாருமே இல்லை. ஒரு எண்ணத்துக்குக் கை கால் வைத்து, சேலை கட்டி, பெயர் சூட்டினால் கிடைப்பது உருவகம். நம் தருமபுரி மாவட்டத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப நினைத்தார்; 1923இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார்; கோயில் எழும்பும் முன்பே, 1925இல், சிவா அதே ஊரில் இறந்துபோனார். பாரத மாதாவுக்குப் புராணம் கிடையாது, தலவரலாறு கிடையாது. நாடு என்கிற எண்ணம்தான் அங்கே பெண்ணாக நிற்கிறது. தமிழ்த்தாயும் அப்படித்தான். உங்கள் படத்துப் பெண்ணுக்கு லத்தீனில் அபண்டன்ஷியா என்று பெயர். வளம், மிகுதி என்று பொருள். ரோமானியர்கள் அவளைக் காசில் அச்சடித்தார்கள். அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி அன்னோனா என்று இன்னொருத்தி. அவள் தானிய வரத்துக்கான உருவகம்; கையில் கொம்பு, அருகில் தானியம் அளக்கும் மரக்கால், பின்னால் கப்பலின் ஒரு முனை. நீரோ மன்னன் காசில் அவளைப் பார்க்கலாம். ரோம் நகரத்துக்கு எகிப்திலிருந்து கப்பலில் தானியம் வந்து இறங்கி, குடிமக்களுக்கு அளந்து கொடுக்கப்பட்டது. நம்மூர் வார்த்தையில் சொன்னால் அன்னோனா ரேஷன் கடைத் தேவி.

சரி, படம் எங்கத்தியது? நீங்கள் சொல்லும் அமைப்பு, அதாவது நடுவில் வளம், சுற்றிலும் நான்கு பூதங்கள், பின்னால் அடர்ந்த சோலை என்பது 1600க்குப் பிறகு ஆண்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ் நகரங்களில் மிகவும் விரும்பப்பட்ட ஒன்று. இன்றைய பெல்ஜியம். யான் ப்ரூகல் என்ற ஓவியரும் (1568–1625) அவர் மகனும் இந்த வகைப் படங்களுக்குப் பேர்போனவர்கள். வேடிக்கை என்னவென்றால் ஒரே படத்தை இரண்டு பேர் சேர்ந்து வரைவார்கள். மனித உருவங்களை ஹென்ரிக் வான் பாலனோ ஹென்ரிக் த கிளெர்க்கோ போடுவார். பூ, பழம், மீன், பறவை, இலை எல்லாம் ப்ரூகல். அதனால்தான் இந்தப் படங்களில் முகங்களெல்லாம் ஒரே அச்சாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு இலைக்கும் நரம்பு தெரியும். பல படங்கள் துணியில் இல்லாமல் செப்புத் தகட்டில் வரையப்பட்டவை. வழவழப்பான உலோகத்தில் மெல்லிய தூரிகை தடையில்லாமல் ஓடும். அசல் கையில் பிடித்துப் பார்க்கிற அளவுதான் இருக்கும். உங்கள் அச்சுப்படம் அசலைவிடப் பெரிதாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

நான்கு பேர் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். மீனும் சங்கும் நீர். பறவை காற்று. தீப்பந்தம் நெருப்பு. காய்கனி மண். நமக்கு ஐம்பூதம், இந்த ஓவியங்களில் நான்குதான், ஆகாயத்துக்கு இடமில்லை. குழந்தைகள் வெறும் ஏவலாட்கள். எடுத்துக் கொடுக்க, பொறுக்கிச் சேர்க்க, படத்தில் ஒரு துறுதுறுப்பு இருக்க. அவர்கள் துணியில்லாமல் இருப்பதற்கு ரோமானியச் சிற்ப மரபைத் தாண்டி ஆழமான அர்த்தம் தேட வேண்டாம். நம் கோயில் தூணில் தவழும் கிருஷ்ணன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி கொம்பு. இதில்தான் நிறைய இருக்கிறது.

முதல் கதை கிரீட் தீவுக்காரி ஆட்டுடையது. கிரேக்கத் தேவர்களின் தலைவனான ஜீயஸுக்கு, அவன் குழந்தையாக இருந்தபோது பால் கொடுத்த ஆடு மரத்தில் மோதிக் கொம்பை முறித்துக்கொண்டது. அமல்தியா என்ற வனதேவதை அந்தக் கொம்பைத் தழையில் சுற்றி, பழங்களை நிரப்பி, குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் இதைச் சொல்கிறார். அவரே வேறொரு நூலில் வேறு கதை சொல்கிறார்: அக்கெலோஸ் என்பது கிரேக்க நாட்டு ஆறு. அந்த ஆற்றின் தேவன் காளை உருவம் எடுத்து ஹெர்குலிஸ் என்ற மாவீரனோடு மோதினான். ஹெர்குலிஸ் அவன் தலையை மண்ணில் அழுத்தி ஒரு கொம்பை முறித்தான். நீர்த்தேவதைகள் அதை எடுத்துப் பழமும் பூவும் நிரப்பினார்கள். அதுவே வளத்தின் கொம்பு ஆனது.

ஆறு எப்படிக் காளையாகும்? அதற்கு எப்படிக் கொம்பு? புவியியல் எழுதிய ஸ்ட்ராபோ, சுமார் 2000 வருடங்களுக்கு முன்பே, இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். ஆறு காளை மாதிரி உறுமும், அதன் வளைவுகளைக் கொம்பு என்பார்கள். கரை கட்டி, கால்வாய் வெட்டி, கண்டபடி ஓடிய ஆற்றை ஹெர்குலிஸ் அடக்கினான். தண்ணீரில் கிடந்த நிலம் மேலே வந்து விளைந்தது. கொம்பை முறித்தான் என்பது அதுதான் என்று ஊகித்தவர்கள் உண்டு என்கிறார் அவர். இதைப் படித்தபோது எனக்குத் தென்பெண்ணைதான் நினைவுக்கு வந்தது. 1950களில் கிருஷ்ணகிரி அணை கட்டிய பிறகு காவேரிப்பட்டணம் பக்கம் கால்வாய்ப் பாசனத்தில் விளைகிற நெல்லும் ஒருவகையில் ஆற்றின் கொம்பிலிருந்து கொட்டியதுதான்.

கொம்பில் வளத்தைக் கட்டுவது நமக்கும் புதிதில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் எருது விடும் விழா பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஜோடித்த தட்டியைக் கொம்பில் கட்டிக் காளையை விடுவார்கள், பாய்ந்து போய்த் தட்டியைப் பறித்தால் அதிலிருப்பது பறித்தவனுக்கு. ஹெர்குலிஸ் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் ஒருவரும் அவனை அயலூர்க்காரன் என்று நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. காளையை அடக்கினால்தான் கொம்பில் இருப்பது கைக்கு வரும் என்பது மாடு வைத்து உழுதவர்கள் எல்லோருக்கும் தானாகத் தோன்றக்கூடியது.

அடுத்தது கதிர்க்கட்டு. 1593இல் சேசரே ரிப்பா என்ற இத்தாலியர் ஒரு கையேடு வெளியிட்டார். நீதி, பொறாமை, சமாதானம், பஞ்சம் என்று ஒவ்வொரு எண்ணத்தையும் ஓவியர் எப்படி வரைய வேண்டும், என்ன உடை, கையில் என்ன பொருள் என்று சொல்லும் நூல். நம் சிற்பிகள் கையில் தியான சுலோகம் இருந்த மாதிரி, அவர்களுக்கு இது. 1603இல் படங்களோடு வந்த பதிப்புக்குப் பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. அதில் வளம் இப்படி: அழகிய பெண், நெற்றியில் பூமாலை, பொன்வேலை செய்த பச்சை உடை, வலக்கையில் பழங்கள் நிரம்பிய கொம்பு, இடக்கையில் கதிர்க்கட்டு. பூ எதற்கு? பழத்துக்கு முன்னால் வருகிற தூது அது. பச்சை எதற்கு? வயலின் நிறம். பொன் எதற்கு? விளைந்து முற்றிய கதிரின் நிறம். பஞ்சம் பார்க்கச் சகிக்காதது, அதனால் வளம் அழகாக இருந்தாக வேண்டும் என்கிறார். உங்கள் படத்தில் அவள் உடை நீலமாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய அச்சுகளில் மஞ்சள் வெளுத்துப் பச்சை நீலமாகிவிடும். முதலில் பச்சையாகவும் இருந்திருக்கலாம்.

அந்தக் கட்டில் என்னென்ன தானியம் என்றும் ரிப்பா சொல்கிறார். நான் ஒரு நாள் அகராதியை வைத்துக்கொண்டு அந்த வரியைப் பிரித்துப் பார்த்தேன். கோதுமை, அப்புறம் மீலியோ, பனிக்கோ, பருப்பு வகைகள். மீலியோ என்பது பனிவரகு. பனிக்கோ என்பது தினை. நம் தினையேதான், அதன் தாவரவியல் பெயரிலேயே இத்தாலி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராகியும் சாமையும் தின்று வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை: மேல்நாட்டு வளத்தின் கையில் வெறும் கோதுமை மட்டும் இருந்ததில்லை. ஏழை தின்கிற சிறுதானியமும் அந்தக் கட்டில் இருந்தால்தான் அது வளம் என்று நினைத்திருக்கிறார்கள். பிற்பாடு வரைந்தவர்கள் பலர் சோம்பல்பட்டுக் கோதுமையோடு நிறுத்திவிட்டார்கள்.

ரிப்பாவின் விவரிப்பில் கடைசியாக ஒன்று வருகிறது. கட்டிலிருந்து கதிர்கள் நழுவி விழ வேண்டும். தரையில் சிதறிக் கிடக்க வேண்டும். நன்றாக இறுக்கிக் கட்டின கட்டு வளம் ஆகாது.

இதை ஒரு பெரிய மனிதருக்கு விளக்க முடியாமல் நான் தோற்ற கதையைச் சொல்கிறேன். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தபோது விடுமுறையில் காலண்டருக்குப் படம் போட்டுக் கொடுப்பேன். மாங்கூழ் ஆலை வைத்திருந்த ஒருவர் இந்த மேல்நாட்டுப் பெண் படத்தை எங்கோ பார்த்துவிட்டு, "அதே மாதிரி, ஆனா நம்ம மாம்பழத்தோட வேணும் வாத்தியாரே" என்றார். நானும் கொம்பு நிறையத் தோத்தாபுரி போட்டேன். அந்தக் கிளிமூக்கு, முனையில் லேசாகச் சிவப்பு ஓடுவது எல்லாம் வருகிற மாதிரி மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். இரண்டு காய் உருண்டு அவள் பாதத்தருகே கிடக்கும். பார்த்தவர் முகம் மாறிப்போனது. "என்ன வாத்தியாரே, எல்லாம் கீழ கொட்டுது? லட்சுமி வெளிய போற மாதிரி இருக்குதே. கொம்பை நிமித்திப் போடுங்க." கொம்பை நிமிர்த்தினால் அது ஐஸ்கிரீம் கோன் மாதிரி ஆகிவிட்டது. அந்த வருடம் கிருஷ்ணகிரி பக்கத்தில் பல வீட்டுச் சுவரில் ஒரு பெண் மாம்பழ ஐஸ்கிரீமோடு நின்றாள். அவருடைய ஆலை அலுவலகத்தில் மாட்டியிருந்த லட்சுமி படத்திலும் கையிலிருந்து பொற்காசு கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைச் சுட்டிக்காட்ட எனக்கு அப்போது வாய் வரவில்லை, கூலி வாங்க வேண்டியிருந்தது.

அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். நம்மிடம் இரண்டு பழக்கமும் இருக்கிறது. நிறைகுடம் என்கிறோம்: விளிம்பு வரை நீர், வாயில் மாவிலை, மேலே தேங்காய், ஒரு சொட்டு வெளியே வராது. அங்கே வளம் என்றால் உள்ளே நிற்பது. அதே நாம் பொங்கலன்று பானை வழிகிற வரை காத்திருந்து கூவுகிறோம். வழியாத பொங்கலுக்கு யாராவது கூவியிருக்கிறார்களா? களத்தில் அளக்கும்போதும் முதல் மரக்காலை "ஒன்று" என்று எண்ணாமல் "லாபம்" என்று போடுவார்கள். கூலிக்கு அளக்கையில் தலை தட்டாமல் கோபுரமாக அளந்து, சிந்துவதைச் சிந்தட்டும் என்று விடுகிறவர்தான் நல்ல பண்ணையார். தலை தட்டி அளக்கிறவர் கணக்கில் சரி, பேரில் கெட்டவர். ஆலைக்காரர் நிறைகுடக் கண்ணோடு பார்த்தார். படமோ பொங்கல் பானை வகை.

அதனால் இந்த வகைப் படத்தைப் படிக்க நான் சொல்லும் வழி, பொருள்களைப் பட்டியல் போட்டு அர்த்தம் எழுதுவது அல்ல. கொம்பின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கொட்டுவது யாரிடம் போகிறது என்று பாருங்கள். பட்டியல் சில சமயம் ஏமாற்றிவிடும். அதே கொம்பு, காலடியில் உருண்டையோ சக்கரமோ இருக்கிற பெண்ணின் கையில் இருந்தால் அவள் அதிர்ஷ்டம். இன்று தருவாள், நாளை பிடுங்குவாள். ஆலிவ் கிளையோடு, எரியும் ஆயுதக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தால் சமாதானம். தலையில் கதிர்மாலை, கையில் அரிவாள் இருந்தால் சீரிஸ் என்ற தானியத் தேவி. அவள் உருவகம் அல்ல, கோயில் உள்ள தெய்வம். உங்கள் படத்தில் பறவை வைத்திருப்பவரின் அருகே மயில் இருந்தால் நம்மவர்கள் உடனே முருகனுக்குப் போய்விடுவார்கள். அங்கே மயில் ஜூனோ என்ற ரோமானியத் தேவியின் பறவை, ஜூனோ காற்றுக்கு அதிபதி.

ரூபன்ஸ் 1629–30இல் லண்டனில் வரைந்த ஒரு படத்தில் இந்த 'யாரிடம் போகிறது' என்பது அப்பட்டமாகத் தெரியும். அவர் ஓவியர் மட்டுமல்ல. இங்கிலாந்தோடு சமாதானம் பேச ஸ்பெயின் அரசர் அனுப்பிய தூதர். படத்தை இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸுக்கே பரிசாகக் கொடுத்தார். இப்போது லண்டன் நேஷனல் காலரியில் இருக்கிறது. நடுவில் சமாதானம் என்ற பெண் தன் மார்பிலிருந்து குழந்தையின் வாய்க்குப் பாலைப் பீய்ச்சுகிறாள். முன்னால் ஒருவன் குனிந்து கொம்பைக் குழந்தைகள் பக்கம் நீட்டுகிறான். பின்னால் அறிவுத் தெய்வமான மினர்வா, போர்த்தெய்வமான மார்ஸைக் கழுத்தைப் பிடிக்காத குறையாகத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். போர் அரையடி முன்னால் வந்தால் கொம்பு கவிழும், பழம் மிதிபடும். அரசருக்குச் சொல்ல வேண்டியதை ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிட்டார்.

ப்ரூகல் காலத்து ஆண்ட்வெர்ப்பும் இப்படித்தான். 1576இல் சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படையே நகரத்தைச் சூறையாடியது. 1585இல் நகரம் ஸ்பெயினிடம் விழுந்தது. வணிகக் கப்பல்கள் வருகிற ஷெல்ட் ஆற்றின் வாயை டச்சுக்காரர்கள் அடைத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இருந்த நகரத்தில் சில வருடங்களில் பாதிகூட மிஞ்சவில்லை. 1609இல்தான் ஸ்பெயினுக்கும் டச்சுக்காரர்களுக்கும் இடையே பன்னிரண்டு வருடப் போர்நிறுத்தம் வந்தது. வளத்தின் படங்கள் அந்த ஊரில் அவ்வளவு வரையப்பட்டதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வயிறு நிறைந்தவர்கள் கொழுப்பில் வரைந்தவை அல்ல. ஆற்றின் வாய் அடைபட்டவர்கள் வரைந்தவை. தருமபுரி வறட்சி மாவட்டம் என்று பேர் வாங்கிய ஊர். இங்கே அதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அதியமானைப் பாடும்போது ஔவையார், அவன் முன்னோர் இந்த நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்ததைப் புறநானூறு 99இல் பெருமையாகச் சொல்கிறார்: 'அரும்பெறல் மரபின் கரும்பு இவண் தந்தும்'. தகடூரின், அதாவது பழைய தருமபுரியின், வளத்துக்கு யாராவது உருவகம் வரைந்தால் கையில் கொம்புக்குப் பதில் கரும்புதான் இருக்க வேண்டும்.

இப்போது அப்பாவின் வார்த்தைக்கு வருகிறேன். தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்கு இறங்கும்போது பறிகூலி கட்டாமல் ரோட்டோரம் கொட்டுவதைப் பார்த்தவருக்கு, தரையில் கிடக்கும் பழம் நஷ்டமாகத்தான் தெரியும். படத்தில் இல்லாத ஒன்றை அவர் கண்டுபிடித்திருக்கிறார்: சந்தை. ப்ரூகல் வகைப் படங்களில் மீன் இருக்கும், மான் இருக்கும், உலகத்துப் பழமெல்லாம் இருக்கும். தராசு இருக்காது, லாரி வாடகை இருக்காது, தரகர் இருக்க மாட்டார். தின்ன ஆள் இருக்கிறது, குழந்தைகள் பொறுக்குகிறார்கள், அதனால் கொட்டினாலும் வீணில்லை. கொட்டினதைப் பொறுக்கக் கை இருக்கிறதா என்பதில்தான் வளமும் விலைவீழ்ச்சியும் பிரிகின்றன. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை.

வீட்டில் தாராளமாக மாட்டலாம். பூஜையறையில் வேண்டாம், அவள் தெய்வம் இல்லை என்பதால். சாப்பிடுகிற இடத்தில் மாட்டுங்கள். மேற்கு வெயில் நேராக விழும் சுவர் ஆகாது. சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்ப் பழமெல்லாம் நீலம் பாரித்துவிடும், சலூன் கடைப் பழைய போஸ்டர் மாதிரி. மாட்டுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அவள் காலடியில் கதிர் சிதறிக் கிடக்கிறதா என்று ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கிடந்தால் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கோதுமையா, பனிவரகா, தினையா என்று என்னைவிட அவர் சரியாகச் சொல்வார்.